பாறைக்குழியில் நீர் இறங்கிய கோடை

திருப்பூரில் நாங்கள் முதலில் குடியேறிய லைன் வீடு, அனுப்பர்பாளையத்துக்கு அப்பால் ஒரு பழைய பாறைக்குழிக்கு எதிரே இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஆறேழு குடித்தனங்கள். எல்லாரும் எங்களைப் போலத் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். என் கணவருக்கு ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை. எனக்கு அதே கம்பெனியில், தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. செல்போன் முதலாளியின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம் அது.

கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குழி. ஆழம் என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நாங்கள் வந்தபோது பாதிக்குமேல் தூர்ந்திருந்தது. கட்டிங் மேசையிலிருந்து விழும் துணித்துண்டு, மெஷினில் பறக்கும் பஞ்சு, நூல் தீர்ந்த அட்டைக் கோன், தென்னை நார்க்கழிவு, ஊர்க்குப்பை எல்லாம் டிராக்டரில் வந்து அங்கேதான் விழுந்தன. மழைத்தண்ணீரில் ஊறி, மேலே மண் படிந்து, பல வருஷத்தில் அது ஒரு நிலம்போலவே ஆகிவிட்டிருந்தது. புல் முளைத்து, எருக்கு வளர்ந்து, ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். நடந்தால் மட்டும் கால் மெத்தையில் வைத்தாற்போல லேசாக அமுங்கும்.

முதல் கோடையில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது, அந்தப் புல்லுக்கு நடுவே மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. தீ எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ பீடித் துண்டைப் போட்டிருப்பார்கள், அணைந்துவிடும் என்று நினைத்தோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது இன்னும் நாலைந்து இடத்தில் புகைந்தது. மறுநாள் தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்சியது. இரண்டு நாள் ஆவி கிளம்பியது, பிறகு வேறு இடத்தில் புகை வந்தது. தீ மேலே இல்லை, அடியில் இருந்தது. குப்பைக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடை முழுக்க அது அணையவில்லை. துணியும் பிளாஸ்டிக்கும் கருகும் நாற்றம் சோற்றில் இருந்தது, தலைமுடியில் இருந்தது, துவைத்துக் காயவைத்த பாவாடையில் இருந்தது.

மகளுக்கு இளைப்பு அப்போதுதான் தொடங்கியது. முதலில் வெறும் இருமல். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல ஒரு சத்தம். விலாவெலும்பு ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வரும். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். மூன்றாவது தடவை தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர், "இந்தப் புகை நிக்கிற வரைக்கும் குழந்தைய வேற ஊர்ல வைங்கம்மா. மருந்து மட்டும் போதாது" என்றார். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் சொந்த ஊரில் என் அக்கா இருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அங்கே கொண்டுபோய் விட்டோம். பஸ் ஏறும்போது மகள் அழவில்லை. மூச்சு வாங்குவதற்கே அவளுக்குச் சரியாக இருந்தது. மழைக்காலத்தில் புகை நின்றபிறகுதான் கூட்டி வந்தோம்.

குழிக்கு மறுபுறம் ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரர்கள் புருஷனும் பெண்சாதியும் மட்டும் தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். ஒரே மகளைக் கணியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பங்காளிகள் எல்லாரும் நிலத்தை விற்று பனியன் கம்பெனி வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று ஒருதரம் கேட்டேன். "எனக்கு அந்த மெஷின் சத்தத்துல தலை வலிக்குதுங்க அம்மிணி" என்றார். அவ்வளவுதான் காரணம். லைன் வீட்டுக் குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும் என்பதால் புழக்கத்துக்கு அவர்கள் போர்வெல்லிலிருந்துதான் நாங்கள் குடம் குடமாக எடுத்து வந்தோம். வேண்டாம் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் மரியாதைக்குரிய யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். திருப்பூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். முதல் தடவை கேட்டதும் அவர் மனைவி சிரித்துவிட்டார். "ஏனுங்க, உங்களுக்குப் பருப்பு எடை போடத் தெரியுமுங்களா?" என்று அவரைக் கேட்டார். அன்றிலிருந்து நான் அந்த அம்மாளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

புகைக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை முதலில் எனக்குச் சொன்னது அந்த அக்காதான். அவர்கள் தோட்டத்தில், போருக்கு அந்தப் பக்கம், பழைய கிணறு ஒன்று இருந்தது. சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து நிறம் மாறிப்போனதால் அதை இறைப்பதில்லை.

"நம்ம கெணத்துத் தண்ணியும் அந்தக் குழித் தண்ணியும் ஒண்ணுதானுங்க அம்மிணி. பாறையில வெடிப்பு இருக்குதல்லோ. இங்க எறங்குனா அங்கயும் எறங்கும். தண்ணி நல்லா எறங்குற வருசந்தான் பொகையுது. போன வருசம் மழை இருந்துச்சு, பொகையவே இல்லை."

அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவதற்காக வந்தவர், பேச்சுவாக்கில் குழியின் கதையைக் கேட்டார். அக்கா சொன்னதையே நானும் சொன்னேன். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழியின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து எங்களுக்கு ஒரு விஷயம் சொன்னார்.

கடல் தாண்டிய சில நாடுகளில் சதுப்பு நிலக் காடுகள் இருக்கின்றனவாம். அங்கே மண் என்று நாம் நினைப்பது மண்ணே இல்லையாம். விழுந்த இலையும் வேரும் மரமும் தண்ணீரில் முழுகி, முழுதாக மக்காமல், ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கடுக்காகக் கிடக்குமாம். தண்ணீர் நிற்கும்வரை அது ஈரப்பஞ்சு. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து, ஒரு பொறி பட்டதும் அடியிலேயே கனன்று மாதக்கணக்கில் எரியும். மேலே நிற்கும் மரம் வேர் வெந்து சாயும். அதனால் அங்கேயெல்லாம் துளை போட்ட குழாயை நிலத்துக்குள் இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், தீ வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம்.

"உங்க குழியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதானுங்க. அங்க இலை, இங்க துணி" என்றார்.

"முன்னாடியே தெரிஞ்சா நிறுத்த முடியுமாங்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வாய்க்கால அடைச்சு மறுபடியும் தண்ணி நிக்க வைப்பாங்க. ஈரமா இருந்தா தீ பிடிக்காதுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் ஒரு பிவிசி குழாயோடு வந்தார். குழாயைச் சுற்றித் துளைகள் போட்டு, குப்பை புகாமல் இருக்கக் கொசுவலைத் துணி சுற்றியிருந்தார். கம்பியால் குத்தி வழிபண்ணிக் குப்பைக்குள் இறக்கினோம். என் கணவரும் லைன் வீட்டு ஆண்களும் கை கொடுத்தார்கள். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர்தான் குப்பைக்குள் நிற்கும் தண்ணீர். ஒரு கயிற்றின் நுனியில் இரும்பு நட்டைக் கட்டி விட்டால், தண்ணீரைத் தொடும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். குழாய் வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெளியே இழுத்து எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டியதுதான்.

யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது நான் பார்க்கிறேன் என்றேன். என் வீட்டு வாசலிலிருந்து குழாய் தெரிந்தது. புகை வந்தால் ஊரைவிட்டுப் போகவேண்டியது என் குழந்தை. இதற்குமேல் என்ன வேண்டும்?

கம்பெனியிலிருந்து வெவ்வேறு நிறத்தில் நூல் கொண்டுவந்து கயிற்றில் கட்டினேன். வெள்ளை நூல்வரை பயமில்லை. மஞ்சளுக்கு இறங்கினால் கவனம். சிவப்புக்குக் கீழே போனால் எந்த நாளும் புகையலாம். சிவப்பை எங்கே கட்டுவது என்று அந்த இளைஞருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. "ஒரு கோடை போனாத்தான் தெரியும்" என்றார். அந்தக் கோடையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புகை கிளம்பிய அன்று கயிற்றைவிட்டுப் பார்த்து, அந்த இடத்துக்குச் சற்று மேலே சிவப்பைக் கட்டினேன். புகை வருவதற்கு முன்பே மகளை ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தோம். முதல் தடவையாக அவள் இளைப்பு இல்லாமல் பஸ் ஏறினாள். அந்தத் தடவைதான் அழுதாள்.

அதற்கடுத்த கோடையில் தண்ணீர் மஞ்சளைத் தாண்டியதும் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"செவப்புக்கு இன்னும் எவ்வளவு இருக்குதுங்க?"

"ஒரு முழம் இருக்கும் அண்ணாச்சி."

"பாப்பா ஊர்லயா இருக்கறா?"

"இங்கதான் இருக்கா. அடுத்த வாரம் கொண்டுபோய் விடணும்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் நடந்தார். மறுநாள் பார்த்தால் தோப்பிலிருந்து குழிவரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார். போர் மோட்டாரைப் போட்டு, தென்னைக்குப் போகிற தண்ணீரில் பாதியைக் குழிக்குத் திருப்பிவிட்டார். முதல் சில நாட்கள் அந்தக் குப்பை எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. பிறகு மெல்ல மெல்ல, குழாய்க்குள் தண்ணீர் மஞ்சளிலேயே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. வைகாசியில் ஒரு மழை பெய்ததும் வெள்ளைக்கு ஏறிவிட்டது. அந்த ஆண்டு குழி புகையவில்லை. மகள் கோடை முழுக்க எங்களோடு இருந்தாள். தோட்டத்து அக்காவின் மாடுகளுக்குப் பின்னாலேயே திரிந்தாள். ஒரு மயிலைப் பசு கிடேரிக் கன்று ஈன்றது. வாய்க்காலின் வாயில், தண்ணீர் குப்பைக்குள் விழும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அந்தக் கன்று அங்கேதான் தண்ணீர் குடிக்கும். என் மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அக்காவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "தென்னை குரும்பை உதுருதுங்க அம்மிணி. இந்த மனுசன் குப்பைக்குத் தண்ணி கட்டறாரு" என்று என்னிடம் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், "நாஞ் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லீராதீங்க. பாப்பா இங்க இருக்கறது எனக்கும் சந்தோசந்தான்" என்றார்.

அடுத்த கோடையும் அப்படியே கழிந்தது. இரண்டு கோடை. திருப்பூர் வந்தபிறகு குழந்தையோடு முழுசாக இருந்த காலம் அந்த இரண்டு வருஷம்தான். அது முடியப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டு மழையே இல்லை. ஐப்பசியில் இரண்டு தூறல் விழுந்தது. கார்த்திகையில் அதுவும் இல்லை. சுற்றுப்பட்ட போர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஊரெங்கும் இன்னும் ஆழமாகப் போர் போடும் லாரிகளின் இரைச்சல். மாசி மாதத்திலேயே தண்ணீர் மஞ்சளுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி மோட்டாரைப் போட்டார். கொஞ்ச நேரம் ஓடி, காற்றை இழுத்து நின்றது. மறுபடி ஊற விட்டுப் போட்டார். வந்த தண்ணீர் மாட்டுக்கும் வீட்டுக்கும் சரியாக இருந்தது. தென்னைகளின் அடிமட்டைகள் தொங்கத் தொடங்கின. எங்களையும் அவர் தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களாகவே நிறுத்திக்கொண்டோம்.

ஒவ்வொரு ஞாயிறும் கயிற்றை விட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் நட்டு இன்னும் கொஞ்சம் கீழே போய்த்தான் சத்தம் கொடுத்தது. கல்லூரி இளைஞர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். போவதற்குமுன் வந்து, "செவப்புக்குப் போனா எழுதிக் குடுங்க, நிச்சயம் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அண்ணாச்சியும் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி எங்களை உட்காரவைத்துக் கேட்டார். விரட்டவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "எரியறதுக்கு முன்னாடியே வண்டி அனுப்புங்கன்னு கேக்கறீங்க. எரியற எடத்துக்கே அனுப்ப வண்டி இல்லீங்களே" என்றார். ஆனாலும் இரக்கப்பட்டு ஒரு லாரித் தண்ணீர் அனுப்பினார். குடிக்கத் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்த கோடையில் அவர் அதை அனுப்பியதே பெரிய காரியம். அந்தத் தண்ணீர் ஒரு மத்தியானத்துக்குள் காணாமல் போயிற்று. குழாயில் கயிற்றை விட்டுப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

தண்ணீர் சிவப்புக்குக் கீழே போன அன்று மகளை ஊருக்கு அனுப்பினோம். இந்தத் தடவை அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைகூட எழுதவில்லை. "எப்ப வந்து கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டாள். "மழை பெஞ்சதும் வாரேன்" என்றேன்.

புகை வரும் என்று தெரிந்து, வராத புகைக்காகக் காத்திருந்த அந்த நாட்கள் மாதிரி எனக்கு வேறு நாட்கள் வாய்த்ததில்லை. முன்பெல்லாம் தெரியாமல் வந்தது. வந்தபிறகுதான் ஓடினோம். இப்போது தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி குழியைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். குப்பை பொறுக்க வருகிற பெண்களிடம், "இதத் தாண்டிப் போயிறாதீங்க சாமி. மேல பாத்தா தெரியாது. அடியில வெந்துட்டு இருக்கும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். அந்த வாரமே புகை வந்தது. முன் எப்போதும் இல்லாத அளவுக்கு, குழி முழுக்க, நூறு அடுப்பு பற்றவைத்தாற்போல.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். இப்போது நன்றாக வளர்ந்திருந்த அந்தக் கிடேரி, தாகம் தாளாமல் கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் வழியாக ஓடி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆனால் முன்பு குடித்த பள்ளம் அங்கேதான் இருக்கிறது என்று அதற்கு ஞாபகம். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, பள்ளத்தில் மூக்கை வைத்து நின்றது. அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். கோட்டருகில் நின்று நாக்கைத் தட்டிக் கூப்பிட்டார். அது வரவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தது. உடனே அலறியது. மாடு அப்படி அலறும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் ஓடினார். அவருக்குத் தெரியாத இடமில்லை அது. எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் மாடு கத்தும்போது அவர் அதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார். கிடேரியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, கரைப்பக்கம் இழுத்துத் தள்ளினார். அது தாவி வெளியே வந்துவிட்டது. தள்ளிய வேகத்தில் இவர் பின்னால் ஒரு அடி வைத்தார். தரை முட்டை ஓடுபோல உடைந்தது. இடுப்புவரைக்கும் உள்ளே போனார். சாம்பல் மேலே எழும்பியது.

என் கணவரும் லைன் வீட்டு ஆண்களும் ஏணியைக் கிடத்தி, அதன்மேல் படுத்து அவரை இழுத்து எடுத்தார்கள். கரையில் கிடத்தியபோது அவருக்கு நினைவு இருந்தது. வேட்டி இல்லை. கால்களைப் பார்க்க முடியவில்லை. அக்கா தோப்பிலிருந்து ஓடிவந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை.

"கிடேரி ஏறிருச்சுங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஏறிருச்சுங்க" என்றார் அக்கா. "நீங்க பேசாதீங்க."

திருப்பூரில் பார்த்துவிட்டு, அன்றைக்கே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கணியூரிலிருந்து அவர்கள் மகள் வந்துவிட்டாள். நான் லீவு போட்டுவிட்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கொசுவலைக்குள் படுத்திருந்தார். முகம் அப்படியே இருந்தது. அதுதான் பார்ப்பதற்குக் கஷ்டமாக இருந்தது. அதே முகத்தோடு எழுந்து வந்து மண்வெட்டியை எடுத்துவிடுவார் என்று தோன்றியது.

"தண்ணி இப்ப எங்க நிக்குதுங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"குழாய்லயே இல்ல அண்ணாச்சி. நட்டு காஞ்ச தரையில போய் உக்காருது."

"பாப்பா?"

"ஊர்ல இருக்கா. நல்லா இருக்கா. இளைப்பு இல்ல."

"அது போதும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு கொஞ்ச நாள்தான் இருந்தார். உடம்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது குழி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கமாம். பங்காளிகள் கட்டைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்து அவர்கள் முன்னால் நின்றார்.

"வேண்டாமுங்க. எரிஞ்ச வரைக்கும் போதும். மண்ணுல வெச்சிருங்க."

தோப்பின் மேற்கு மூலையில், காய்ந்த தென்னைகளுக்கு நடுவே குழி வெட்டினார்கள். மண் அவ்வளவு இறுகிக் கிடந்தது. கடப்பாரையால்தான் பெயர்க்க முடிந்தது.

மழை ஐப்பசியில்தான் வந்தது. ஒரு சாயங்காலம் பிடித்து விடியவிடியக் கொட்டியது. காலையில் குழியிலிருந்து வெறும் ஆவி வந்தது. இரண்டு நாளில் அதுவும் நின்றது. நான் மறந்தும் குழாய்ப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்து யாரிடம் சொல்வது? சில மாதம் கழித்து யாரோ அந்தக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மகளைக் கூட்டிவரப் போனேன். என் அக்கா அவளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். "பாதி வருசத்துல எதுக்கு மாத்துத? இங்க அவளுக்கு ஒரு நாள்கூட இளைக்கல. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவை அம்மா என்று கூப்பிட்டாள். என்னைத் திருப்பூர் அம்மா என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல அவளாகக் கண்டுபிடித்த வழி அது. டாக்டர் சொன்னதை நினைத்தேன், குழியை நினைத்தேன். தனியாகத் திரும்பி வந்தேன்.

தோட்டத்து அக்கா மூன்று ஆண்டுகள் அங்கேயே தனியாக இருந்து பார்த்தார். மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். அந்தக் கிடேரியை மட்டும் விற்கவில்லை. காலில் வெந்த இடத்தில் முடி முளைக்காமல் அது நொண்டிக்கொண்டே நடக்கும். பிறகு மகளின் பேச்சைக் கேட்டு நிலத்தை விற்றுவிட்டு, கிடேரியையும் ஓட்டிக்கொண்டு கணியூருக்குப் போய்விட்டார். மேற்கு மூலையில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் எழுதிக்கொடுக்கவில்லை. வாங்கியவர்கள் அதைச் சுற்றி மனைப்பிரிவு போட்டார்கள். குழியையும் மண் கொட்டி மூடினார்கள். நாங்களும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டோம். அதற்குள் கம்பெனியில் பக்கத்து மெஷின்களில் எல்லாம் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்து இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகள் பத்தாவது முடித்ததும் எங்களிடம் வந்தாள். நல்ல பிள்ளை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். எதற்கும் அடம்பிடிக்க மாட்டாள். வெளியே போனால் சொல்லிவிட்டுப் போவாள். விருந்தாளி அப்படித்தான் இருப்பாள். ராத்திரி அவள் தூங்கியபிறகு மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். சீராக இருக்கும். அதற்குத்தானே இவ்வளவும் என்று சொல்லிக்கொள்வேன்.

அந்த ஆண்டு அவளைக் கூட்டிக்கொண்டு கணியூருக்குப் போனேன். அக்கா ரொம்பவும் மெலிந்திருந்தார். மகளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"இந்தப் பாப்பாதானா அன்னைக்கு மாட்டுக் கழுத்தக் கட்டீட்டுத் திரிஞ்சுது?"

மகளுக்கு ஞாபகமில்லை. சிரித்தாள். பிறகு அக்காவின் பேத்தியோடு எழுந்து வெளியே போனாள்.

நாங்கள் இருவரும் வாய்க்கால்வரைக்கும் நடந்தோம். அமராவதித் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் நெல். அக்கா படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார்.

"கடைசி ரெண்டு நாளும் அவரு தண்ணி கேட்டுட்டே இருந்தாருங்க அம்மிணி" என்றார். "உள்ளார எரியுது, ஒரு டம்ளர் குடுன்னு கேட்டாரு. டாக்டரு வாய் வழியாக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லீட்டாங்க. துணிய நனைச்சு ஒதட்டுல வெச்சேன். அவ்வளவுதான் வெச்சேன். இத என்ற புள்ளைகிட்டக்கூடச் சொன்னதில்லீங்க."

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் சாய்ந்து, தண்ணீர் மேல் கொக்குகள் தாழப் பறந்து போயின. மகள் வரப்பில் வந்து நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அக்கா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். புடவை நுனியைப் பிழிந்துவிட்டு எழுந்தார். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.